ஐந்துக்கு ஐந்து

கைப்பேசி ஓர் எண்ணைக் காட்டியது.
சர்வே எண் நூற்று நாற்பத்திரண்டு, உட்பிரிவு மூன்று.
தென்மேற்கு மூலையிலிருந்து
கிழக்கே பதினேழு தப்படி, வடக்கே ஒன்பது.
அங்கே முளையடித்துக் கயிறு கட்ட வேண்டும்,
ஐந்து மீட்டருக்கு ஐந்து.
அந்தச் சதுரத்துக்குள் விளைந்தது எவ்வளவோ
அதுதான் ஊர்க் கணக்கில் கால் பங்கு.

யார் வயல் என்று வரப்பில் நின்றவர்களுக்கு
எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் பரவனாறு உடைத்துக்கொண்டு வந்தபோது
பெருமாள் ஏரி எங்கே முடிகிறது
வயல் எங்கே தொடங்குகிறது என்று
கொக்குக்கே குழப்பம்.
பதினோரு நாள்.
வடிந்த பிறகு புளித்த வாடை,
பயிர் நின்ற இடத்தில் பழுப்புச் சளி.
அஞ்சலாட்சியின் முக்கால் ஏக்கர் மட்டும்
ஒரு வாரம் செத்ததுபோல் கிடந்து
குருத்து விட்டது.

அதிசயமில்லை. மானிய விதை.
சி.ஆர். ஆயிரத்தொன்பது, சப்-ஒன்.
ஆடியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்தான்:
மூழ்கினாலும் மூச்சடக்கும், பாதி விலை,
ஆதார் நகலும் சிட்டாவும் போதும்.
"மோட்டா ரகம் சார், வியாபாரி தொடமாட்டான்"
என்றார் கலியமூர்த்தி. பொய்யில்லை.
ஊரே சன்ன ரகம் நட்டது.
அஞ்சலாட்சி மூட்டையை வாங்கிப் போனதும்
என் பேச்சைக் கேட்டல்ல,
அன்று முந்தானையில் இருந்த காசு
அதற்குத்தான் எட்டியது.

நேற்றுவரை மூன்று சதுரம் அறுத்தாயிற்று.
ஆறு கிலோ நூறு. ஐந்து நானூறு. ஐந்து தொள்ளாயிரம்.
நாலின் சராசரி ஏழைத் தொடாவிட்டால்
ஊருக்கு இழப்பீடு.
தொட்டுவிட்டால்
கட்டிய பிரீமியம் கட்டியதுதான்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள்.
அஞ்சலாட்சி சேற்றில் இறங்கி
மடையோரத் தாழ்வைக் காட்டினார்.
"அந்த மூலையில போடுங்க சார்.
பதரும் கோரையுந்தான் நிக்குது.
யாருக்குத் தெரியப்போவுது."
தன் வெள்ளாமையைத் தானே ஒளிக்கிறவரை
பதினாலு வருஷ சர்வீசில் நான் பார்த்ததில்லை.
காப்பீட்டுக் கம்பெனிப் பையன்
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு
படமெடுக்கத் தயாராக நின்றான்.

பதினேழு. ஒன்பது.
அடி வைக்கையில் என் கால்
கொஞ்சம் குட்டையாக விழுந்தது.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
அந்த இடத்திலும் நெல் தலைசாய்ந்துதான் நின்றது.

நாலு பெண்கள் அறுத்தார்கள். பேச்சில்லை.
தார்ப்பாயில் அடித்த சத்தம் மட்டும்
ஏரிக்கரை வரை போய்த் திரும்பியது.
தூற்றிக் கோணியில் கட்டித்
தராசுக் கொக்கியில் மாட்டினால்
பதின்மூன்று கிலோ இருநூறு.
கலியமூர்த்தி விரல் மடக்கிக் கூட்டினார்,
நாலால் வகுத்தார்,
துண்டை உதறித் தோளில் போட்டார்.
ஏழரைக்கும் மேல்.

மாலை போட்டுக் கொண்டாட வேண்டிய எடை.
படத்தை அனுப்பினால்
அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள்,
வெள்ளத்தை வென்ற விதை என்று.
அதே எடைதான் இன்னொரு படிவத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்மேல்
கோடாக விழும்.
இரண்டிலும் கையெழுத்து என்னுடையது.

சோதனை நெல் வயலுக்கு உரியவருக்கே என்பது விதி.
அஞ்சலாட்சி கோணியைத் தொடவில்லை.
கலியமூர்த்திதான் குனிந்து
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.
வெகுநேரம் மென்றார்.
"தடிச்ச அரிசி. எவன் வாங்குவான்" என்று துப்பினார்.
பிறகு இரண்டு கை அள்ளித்
துண்டின் முனையில் முடிந்துகொண்டு
யாரிடமும் சொல்லாமல் வரப்பேறிப் போனார்.

கயிற்றை அலசிச் சுருட்டினேன்.
நனைந்த கயிறு காய்ந்தால் சுருங்கும்.
அடுத்த ஊரில் கட்டும் முன்
மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.