பிடித்தம் போக

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கையில்
போன் அதிர்ந்தது.
கூட்ஸ் வண்டி. பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
முப்பத்தொன்றில் இன்னொரு முறை அதிர்ந்தது.

முதல் செய்தி: உதவித்தொகை எழுநூற்றைம்பது வரவு.
அடுத்தது: நூற்றுப் பதினெட்டு பற்று,
குறைந்தபட்ச இருப்பு இல்லாத காரணத்தால்.
இல்லாததற்கு இவ்வளவு விலை என்று
ஐடிஐ சேரும் வரைக்கும் தெரியாது.

பிட்டர் பிரிவில் இரும்புத் துண்டை
அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும்.
கூடுதலாக இருந்தால் இன்னும் ராவலாம்,
குறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாது.
மூன்று துண்டு கெடுத்திருக்கிறேன்.
இலவச ஷூ எட்டாம் நம்பர், என் கால் ஐந்து,
முனையில் காட்டன் வேஸ்ட் அடைத்து நடக்கிறேன்.

போன மாதம் இதுகூட வரவில்லை.
வருகை எழுபத்தெட்டு சதவீதமாம்.
கால்வாய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த நான்கு நாளும்
பதிவேட்டில் நான்தான் வரவில்லை.
பெனாசிருக்கும் அதே நான்கு நாள்.
அவள் அண்ணன் இப்போது
டூவீலர் ஷெட்டில் வேலை பார்த்துவைத்திருக்கிறான்,
நாளுக்கு முந்நூறு, வருகைப் பதிவு கிடையாது.
திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறாள்.
இன்று வியாழன்.

அம்மா கூப்பிட்டாள்.
"துட்டு ஏறிச்சா ஜெனோவா? எவ்ளோ?"
"அறுநூறும்மா."

மீதி முப்பத்திரண்டு.
வரைபடத்தில் அளவுக்குப் பக்கத்தில்
சின்னதாகப் போட்டிருக்குமே,
இவ்வளவு பிசகலாம் என்று.
அது.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட்டைத் தூக்குவதற்குள் எல்லோரும் குனிந்து நுழைகிறார்கள்.
அந்தப் பக்கம் அத்தோ கடையில்
முட்டை மசாலா பதினைந்து.
இரண்டு வாங்கலாம்.
பெனாசிர் வீடு அடுத்த சந்துதான்.