ஒரு காப்பியை வினவுதல்

மனிசாலெஸ் பேருந்து நிலையம்.
விடிகாலை நாலரை.
மேகம் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.
ரோப் கார் பழுதுபார்க்க வந்த எஸ்தோனியாக்காரன்
ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு
இரவெல்லாம் நாக்கில் உருட்டிய வாக்கியத்தை
யோர்லாதிஸின் கண்ணாடிப் பலகைமேல் வைக்கிறான்:
தே ப்ரெகுந்தோ உன் கஃபே.

உன்னிடம் ஒரு காப்பியை வினவுகிறேன்.

"வினவு. அது பதில் சொன்னால்
எனக்கும் சொல்" என்றாளாம்.
பின்னால் நின்ற முட்டைக்காரர் சிரித்த சிரிப்பில்
அட்டை சரிந்து இரண்டு உடைந்தது.

நம் மொழியாயிருந்தால் தப்பியிருப்பான்.
கேள் என்ற ஒரே வாசலில்
வழி கேட்பவன் போகலாம், கடன் கேட்பவன் போகலாம்,
சும்மா மழையைக் கேட்பவனும் போகலாம்.
அவன் ஊர்ப் பேச்சிலும் ஏறக்குறைய அப்படித்தானாம்.
ஸ்பானியத்தில் விடைக்கு ஒரு வாசல்,
பொருளுக்கு வேறொன்று.
ப்ரெகுந்தார். பெதிர்.
மாறி நுழைந்தால் முட்டை உடையும்.

மறுநாள் ஒர்தேனோ என்றான்.
ஆணையிடுகிறேன்.
அவள் விறைத்து நின்று சல்யூட் அடித்து
சர்க்கரை போடாமல் கொடுத்தாள்.

அடுத்து கியெரோ. வேண்டும்.
அதற்குக் காதலிக்கிறேன் என்றும் பொருளுண்டு என்று
கம்பிவடத்தில் தொங்கியபடி எவனோ சொல்லிவிட,
இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை.

வந்தபோது தூணோரம் நின்று
மற்றவர்கள் கேட்பதைக் கேட்டான்.
லாரி ஓட்டுநர், கன்னியாஸ்திரி, லாட்டரிப் பையன்,
எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்:
மே ரெகாலா உன் தின்தோ?
ஒரு கடுங்காப்பி பரிசளிக்கிறீர்களா?
பரிசு என்கிறார்கள்,
குடித்துவிட்டு ஆயிரத்தைந்நூறு பெசோ வைக்கிறார்கள்.
அவளும் எண்ணிப் பார்த்தே டப்பாவில் போடுகிறாள்.

தாழ்ந்தவன் ஈ என்பான், நிகரானவன் தா என்பான்,
உயர்ந்தவன் கொடு என்பான் என்று
பள்ளியில் ஒப்பித்தவன் நான்.
காசைக் கையில் வைத்துக்கொண்டு
இரப்பதுபோல் கேட்பவனுக்கு
அங்கே படி கிடையாது.

நாற்பதாம் நாள், ஊர் திரும்பும் காலை,
பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.
மே ரெகாலா உன் தின்தோ.
ஒத்திகை அதிகமானதால் கொஞ்சம் வேகமாக.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது ஏமாற்றம்தான்.

ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள்:
மே ரெகாலா சு நோம்ப்ரே?
உங்கள் பெயரைப் பரிசளிக்கிறீர்களா?

இதற்கு விலை உண்டா,
கொடுத்துவிட்டால் தனக்கு மிஞ்சுமா,
யோசித்துவிட்டுத்தான் வெல்யோ என்றான்.
காகிதக் கோப்பையில் எழுதச் சொல்லி
அவள் வெல்ஹோ என்று படித்தாள்.
அவன் திருத்தவில்லை.

காசு வைத்தான். அவள் தள்ளினாள்.
திரும்ப வைத்தான். திரும்பத் தள்ளினாள்.
பேருந்து ஹாரன் அடித்தது.

அன்று முழுக்க அந்தக் காசு
பலகையின் நடுவிலேயே கிடந்ததாம்,
சாயங்காலம் முட்டைக்காரர் வந்து
"அந்த இரண்டுக்கு" என்று
கேட்காமல் எடுத்துக்கொள்ளும்வரை.