முப்பது முளைகள்

வாபாக் போகும் மலைச்சாலை, மூன்றாம் வளைவு.
மூடுபனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புச் சட்டை
என் வண்டியின் முன்னால் வந்தது.
பிரேக்கை மிதித்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
மிதிப்பதற்கு முன்னால்
ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

பையன் பெயர் லாகாயின். ஒன்பது வயது.

எங்கள் மலையில் சாவுக்கு ஒரு கணக்கு உண்டு.
முப்பது பன்றி. கொடுத்தால் சமாதானம்.
இல்லையென்றால் வில், தீ,
என் தம்பி, அல்லது தம்பியின் மகன்.
சித்தப்பன் இரண்டு தந்தான், முனகிக்கொண்டே.
மனைவி வீட்டார் ஐந்து.
கடன், கெஞ்சல், இன்னும் கொஞ்சம் கடன்.
எப்படிக் கூட்டினாலும் இருபத்திரண்டு.

திடலில் வரிசையாய் முப்பது முளை அடித்திருந்தார்கள்.
எட்டு முளை சும்மா நின்றது.
அந்த எட்டைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

அப்போது இறங்கி வந்தான் கேப்பாய், பையனின் தகப்பன்,
பின்னால் அவனுடைய தொழுவம் முழுவதும்.
என் பன்றிகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தான்.
தன்னுடையதை ஒவ்வொன்றாய்க் கட்டினான்.
வெள்ளைக்காதுப் பெட்டையைக் கட்டும்போது மட்டும்
அதன் கழுத்தில் கை கொஞ்சம் தங்கியது.
அது பையன் வளர்த்ததாம்.

"ஒன்றாவது என்னுடையதாய் இருக்கட்டுமே" என்றேன்.
கெஞ்சல் போல ஆரம்பித்தது
பாதியில் கோபமாகிவிட்டது.
"ஒன்று சேர்ந்தாலும் நீ கொடுத்ததாகிவிடும்" என்றான்.
"எனக்காக ஒருவர் முழுவதும் கட்டினார்.
நான் ஒரு குட்டிகூடச் சேர்க்கவில்லை."
பிறகு தன் சனத்தைப் பார்த்து,
"கணக்கு நேர். பங்கு போடுங்கள்" என்றான்.

அதன்பின்தான் ரேடியோவைச் சொன்னேன்.
கேட்டவன் ஈரத்தரையில் உட்கார்ந்தான்.
வெகுநேரம் எழவில்லை.
ஆனால் ஒரு கயிற்றையும் அவன் திரும்ப அவிழ்க்கவில்லை.

கிருபை என்ற சொல்லை
சிறுவயதிலிருந்தே கோயிலில் கேட்டிருக்கிறேன்.
அது இவ்வளவு பாரமாய் இருக்கும் என்று
ஒருவரும் சொன்னதில்லை.
கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.
இருபத்திரண்டு பன்றிகள் பின்னால் வந்தன,
எனக்கு முன்பே வழி தெரிந்தவைபோல்.

இப்போதும் அதே சாலையில்தான் ஓட்டுகிறேன்.
மூன்றாம் வளைவில் வண்டி தானாகவே மெதுவாகும்.
பையனின் தாய் ஒரு வருடம் ஏறவில்லை.
போன வாரம் கை காட்டினாள்,
மடியில் ஒரு மூட்டை சர்க்கரைவள்ளியோடு.
இறங்கும்போது இரண்டு கினா நீட்டினாள்.
வேண்டாம் என்றேன், முகம் பார்க்காமல்.
"பிடி" என்றாள். "அது வேறு. இது பயணக்கூலி."
காசு அவள் கைச்சூட்டோடு இருந்தது.