வாக்கு வித்தியாசம்

அழகுமலை,
முதல் தடவை என்னை நீ ஜெயித்தது முந்நூற்றுப் பதினோரு ஓட்டில்.
மறு எண்ணிக்கை கேட்டேன். முந்நூற்றுப் பதின்மூன்று ஆயிற்று.
கூடுதல் இரண்டும் என் கடைப் பையன்கள் போட்டதாய் இருக்கும்
என்று நீ சொன்னாயாம். பந்தலூர் பஜாரே சிரித்தது.
நானும் சிரித்தேன், ஷட்டரை இறக்கிவிட்டு.

சேரம்பாடியில் கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்று
சாக்கு ஈரமென்று இரண்டு கிலோ கழித்த கணக்கனிடம்
"மழை பேஞ்சதுக்கு எங்க கூலியில புடிப்பியா?" என்று கேட்டவன் நீ.
மண்டபம் முகாமில் கப்பலிறங்கிய பிள்ளைக்கு
அந்த வாய் எங்கிருந்து வந்ததென்று
மேனேஜர் பங்களா வரைக்கும் விசாரித்தார்கள்.
நான் உரக்கடைக்காரன். எடை எனக்கும் தெரியும்.
பேசவில்லை, அவ்வளவுதான்.

சட்டசபையில் உன் முதல் கேள்வி:
பிரிவு பதினேழு நிலத்து வீடுகளுக்கு மின் இணைப்பு எப்போது?
அமைச்சர் எழுந்தார். பரிசீலனையில் உள்ளது என்றார். உட்கார்ந்தார்.
துணைக் கேள்விக்கு நீ எழும்போது
மணி அடித்துவிட்டது.
இது நீயே சொல்லித் தெரியும், கூடலூர் தாலுகா ஆபீஸ் வாசலில்,
தோற்றவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து.

யானை அடித்த வீடுகளுக்கு
வனத்துறைக்கு முன்னால் போய்ச் சேர்வாய், லுங்கியோடு,
டார்ச்சைத் தட்டித் தட்டி.
நஷ்டஈட்டு மனுவில் இறந்தவர் பெயரை
உன் கோணல் கையெழுத்தில் நீயே எழுதுவாய்.
அப்படி எழுதிய ஒரு வீட்டில் எனக்கு ஐந்து ஓட்டு இருந்தது.
அதற்குப் பிறகு இல்லை.

விடிகாலைக் கோயம்புத்தூர் பஸ்
நீ கொண்டுவந்ததுதான். மறுக்க மாட்டேன்.
மேடையில் மறுத்திருக்கிறேன்.

மூன்றாம் முறை ஜெயித்த வருஷம்
தோட்டத்தில் பாதியைக் காட்டுக்குத் திருப்பும் தீர்மானம்.
கொறடா கை தூக்கச் சொன்னார். தூக்கினாய்.
ஊர் திரும்பிய இரவு உன் ஜீப் நாடுகாணி செக்போஸ்ட்டில்
இரண்டு மணி நேரம் நின்றதாம், இன்ஜினை அணைத்துவிட்டு.
வாட்ச்மேன் சொன்னான்: ஐயா அழவில்லை, தூங்கவுமில்லை,
ஒரு பொரிப் பொட்டலத்தைப் பிரித்து
ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டிருந்தார்.
அந்தப் பொரியை நான் ஊர் ஊராக மேடையில் விற்றேன்.
என் ஆயுளில் நன்றாய்ப் பேசிய பேச்சு அது.

அடுத்த முறை உனக்கு சீட் இல்லை.
நான் ஜெயித்தேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
உன்னை அல்ல. உன் இடத்தில் நிறுத்திய
ஊட்டிக்காரப் பையனை. பெயர் மறந்துவிட்டது.
எம்.எல்.ஏ. விடுதியில் எனக்கு விழுந்தது உன் பழைய அறை.
அலமாரிக் கதவின் உள்பக்கம் பால்பாயின்ட்டில் உன் கணக்கு:
சலவை பதினாலு, டிபன் இருபத்திரண்டு, மனு நகல் நூற்று அறுபது.
நானும் எழுந்து அதையே கேட்டேன்.
அமைச்சர் வேறு, கட்சி வேறு, பதில் வேறில்லை.
மணி மட்டும் கொஞ்சம் சீக்கிரம்.

முந்தாநாள் உன் சாவுக்கு வந்தேன்.
மூன்று முறை உறுப்பினராய் இருந்தவன் வீட்டில்
மீட்டர் பெட்டி இல்லை. அதற்கென்று அடித்த ஆணி இருந்தது,
அதில் ரேஷன் பை தொங்கியது.
என் கடை ஜெனரேட்டரைத்தான் இறக்கினோம்.
ராத்திரி முழுக்க அது இரைந்ததில் ஒப்பாரி யாருக்கும் கேட்கவில்லை.
உன் மனைவி வந்து,
"அண்ணே, அத நிறுத்துங்க,
அவருக்கு இருட்டு பழக்கந்தான்" என்றாள்.

யானை இறங்குமுன் என்று நாலு மணிக்கே தூக்கினோம்.
சுடுகாட்டு வளைவில் பின்னால் ஹாரன்.
கோயம்புத்தூர் போன பஸ் திரும்புகிறது, ஒரே பனிமூட்டம்,
டிரைவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.
யாரோ திட்ட வாயெடுத்தார்கள்.
ஒதுங்குங்கப்பா, ஆஸ்பத்திரி போய் வர்றவங்க இருப்பாங்க
என்றேன், நான்தான்.

பாடையோடு தேயிலைச் செடிப் பக்கம் சரிந்து நின்றோம்.
என் தோளில் பாரம் கொஞ்சம் கூடுதல்.
பனி ஈரமாக இருக்கும்.