மைனஸ் பதினெட்டு

பினாங்கில் எனக்குக் குளிரும்.
சொன்னால் சிரிப்பார்கள்.
ஜார்ஜ் டவுன் ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில்
உறைகிடங்குக்கு நான்தான் பொறுப்பு.
இறால், ஆட்டுத்தொடை, பெட்டி பெட்டியாய் வெண்ணெய்,
எல்லாவற்றுக்கும் தேதி ஒட்டி
உள்ளே போய் வெளியே வந்து
பதினோரு வருடத்தில்
வலது காலில் இரண்டு விரல் மரத்துவிட்டது.
குளிர் என்றேன் நான்.
இனிப்புநீர் என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வந்தார்.
லீட்டியா. உலகத்தின் வடகோடி,
மரமே முளைக்காத ஊர்.
மேல்மாடியில் மூன்று நாள் சீனிநோய் மாநாடு,
வெள்ளியன்று அவர் பேச்சு.
கையில் துண்டு சுற்றிய பொட்டலம்.
நாலு விமானம் மாறியும் உருகவில்லை,
உங்கள் டாக்சியில்தான் வியர்த்தது என்றார்.

விருந்தாளியின் உணவை உள்ளே வைக்கக் கூடாது.
விதி, சுவரிலேயே எழுதியிருக்கிறது.
ஸ்டிக்கரில் எழுதினேன்: மீன். லீட்டியா. 412.
ஐஸ்கிரீம் வாளிகளுக்குப் பின்னால் தள்ளினேன்.

வெள்ளி இரவு வந்தார்.
"கை தட்டினார்கள்" என்றார்.
"அப்புறம் தேநீர் இடைவேளை. கேக்."

பாத்திரம் கழுவும் பா அலங்கும் இருந்தான்.
செமாய்க்காரன், தாப்பாவுக்கு மேலே காட்டோரம் வீடு.
வந்த அம்மாள் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துத்
தரையில் விரித்தார்.
தட்டு வேண்டாமா என்றேன். வேண்டாமாம்,
ஊரிலும் அட்டைதான்.
கெட்டிப்பால், நாற்பத்தெட்டு டின் என்று
அதில் அச்சடித்திருந்தது.

பையிலிருந்து பிறை மாதிரி ஒரு கத்தி.
"உலு" என்றார்.
நானும் அலங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
மலாயில் உலு என்றால் ஆற்றின் மேல்முனை,
பேருந்து போகாத இடம்,
பட்டணத்தான் வாயில் கிட்டத்தட்ட வசவு.
"அது என் ஊராச்சே" என்றான் அலங்.
அவன் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

மீன் கல்லாய் இருந்தது.
சீவச் சீவச் செங்கல் நிறச் சுருள்.
வாயில் முதலில் ஒன்றுமில்லை, பல் கூச்சம் மட்டும்.
அப்புறம் கொழுப்பு இளகி
நாக்கின் அடியில் எங்கோ ஒரு கடல் திறந்தது.

தின்றபடியே விலை சொன்னார்.
முட்டைக்கோஸ் ஒன்று அரைநாள் கூலி.
சோடா மலிவு.
தம்பி பனிவண்டியை விற்றுவிட்டான்,
பெட்ரோலுக்குக் கட்டவில்லை,
பனிக்கட்டியையும் முன்போல் நம்ப முடிவதில்லை.
சீல் கறி என்றால் மகன் மூக்கைப் பொத்துகிறான்.
பாக்கெட் மீ இருந்தால் போதும் அவனுக்கு.

மீ.
அலங் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான்.
"என் பிள்ளைகளும்" என்றான்.
மரலாரி போட்ட பாதையில்
லாரிக்குப் பின்னாலேயே கடை வந்ததாம்.
ஆறு டீ நிறத்தில் ஓடுகிறதாம்.

நான் என்ன சொல்ல.
பத்து காவானில் கரும்பு வெட்ட
ஒப்பந்தத்தில் இறக்கிய ஆட்களில் ஒருவன் என் பூட்டன்.
அவன் வெட்டினான், என் இரத்தத்தில் வந்து தங்கியது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கேட்க அழகாக இருந்தது.
அதனாலேயே விழுங்கிவிட்டேன்.

பதிலுக்குக் காலைக் காட்டினேன்.
தினமும் இந்த மீனைத் தின்றால் சரியாகுமா?
"தெரியாது" என்றார்.
சட்டையை லேசாக உயர்த்தி
வயிற்றில் ஊசித் தழும்புகளைக் காட்டினார்.
"மேடையில் இதைச் சொல்லவில்லை."

சனிக்கிழமை போய்விட்டார்.
வால்துண்டு மிச்சம்.
திங்களன்று சோதனைக்கு ஆள் வருவார்கள்.
பழைய ஸ்டிக்கரை உரித்து
'ஊழியர்' என்று புதிது ஒட்டினேன்.
412 மட்டும் பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வேலை முடிந்து மூலைக்கடையில்
"தே, குராங் மானிஸ்" என்றேன்.
மாமாக்காரர் தலையாட்டிவிட்டு
பழக்கத்தில் டின்னைக் கவிழ்த்தார்.
பால் நூலாய் இறங்கி, அறுந்து, மறுபடி இறங்கியது.
நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது.
விரலில் மீன் வாடை போகவில்லை.
கண்ணாடித் தம்ளரை அந்தக் கையால்தான் எடுத்தேன்.