இதர உறவு

வானத்தை மூடிவிட்டார்கள் என்று
செய்தி வந்த செவ்வாய் இரவு
வரவேற்பு மேசையில் நான்தான் இருந்தேன்.
ராஸ் அல் கைமாவில் கடல் திறந்தே கிடந்தது.
சாலையும் திறந்திருந்தது,
நீச்சல்குளத்துக் குடைகளும்.
மேலே மட்டும் பூட்டு.

நான்கு இரவுச் சலுகையில் வந்த
நாற்பத்தேழு பிரிட்டிஷ்காரர்கள்
சிவந்த தோளோடு வரிசையில் நின்றார்கள்.
அந்த வரிசையை மெச்ச வேண்டும்.
ஒருவர் முதுகை ஒருவர் உரசவில்லை.
காப்பீடு தருமா என்றார் ஒருவர்.
வியாழன் காலை எனக்கு வேலை என்றார் ஒருவர்,
நான் லீவு கொடுக்க வேண்டியவன்போல.
ஒரு பெண்ணின் கைக்குழந்தை
பாஸ்போர்ட் ஓரத்தை மென்றுவிட்டிருந்தது.
இதோடு ஏற விடுவார்களா என்று விரித்துக் காட்டினாள்.
பல் முளைக்காத கடி.

"ராக்கி" என்று கூப்பிட்டார்
முன்னூற்றுப் பன்னிரண்டின் டெரிக்.
என் சட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
ஆரோக்கியசாமிக்கு
அந்தப் பித்தளைத் தகட்டில் இடம் போதவில்லை.

கிரிம்ஸ்பிக்காரர். மீன் குளிர்கிடங்கில்
லாரி ஓட்டி ஓய்ந்தவர்.
மனைவி ஷீலாவுக்கு ரத்த அழுத்தம்.
வளைகுடாவில் மருந்துக்குக் கெடுபிடி என்று
யாரோ பயமுறுத்தியதில்
ஆறு நாளுக்கு மட்டும் எண்ணி எடுத்து வந்திருந்தாள்,
டாக்டர் சீட்டோடு, மூன்று நகல்.
நாயை விடுதியில் விட்டிருந்தார்கள்.
நாய்க்கும் தினவாடகை.

ஐந்தாம் இரவுக்கு
ஏர்லைன் தரும் என்றார் முகவர்.
முகவர் தருவார் என்றது ஏர்லைன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
போனில் ஒரு பியானோ சொல்லிக்கொண்டே இருந்தது.
டெரிக்தான் தந்தார்.

ஆறாம் நாள்
விலையை ஏற்றச் சொன்னார் மேலாளர்.
தப்பென்று சொல்ல முடியாது.
மழை பெய்யும்போதுதான் குடை விற்கும்.

டெரிக் கார்டை நீட்டினார்.
இயந்திரம் கொஞ்சம் யோசித்து மறுத்தது.
இரண்டாம் முறை யோசிக்கவே இல்லை.
வேறொன்று இருக்கிறது என்று
பர்ஸைத் துழாவி எடுத்து வைத்தார்:
நூலக அட்டை.
அதை நாங்கள் இருவரும் சற்று நேரம் பார்த்தோம்.

எங்களுக்கு ஒரு சலுகை உண்டு,
ஊழியர் குடும்பத்துக்கு வருடம் பத்து இரவு,
கால் விலைக்கு.
ஒன்பது வருடமாக நான் தொட்டதில்லை.
என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது.
மணப்பாட்டிலிருந்து யார் வந்து
முன்னூற்றுப் பன்னிரண்டில் படுப்பது?

திரையைத் திறந்தேன்.
உறவு? என்றது கணினி.
கணவன் மனைவி தாய் தந்தை
பிள்ளை உடன்பிறப்பு,
கடைசியில், இழுத்தால் மட்டும் தெரிகிற இடத்தில்,
இதர.

பக்கத்து நாற்காலி ரொவெனா எட்டிப் பார்த்தாள்.
வெந்த இறால் நிறத்திலிருந்த டெரிக்கின் கழுத்தை,
பிறகு என்னை.
"அம்மா வழியா, அப்பா வழியா?"
சித்தப்பா என்றேன் தமிழிலேயே.
என்ன புரிந்ததோ,
மேற்பார்வையாளர் கட்டத்தில்
தன் எண்ணைத் தட்டிவிட்டு
நகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

மாத்திரை எதிர்க்கடையில் கிடைத்தது.
அதற்கும் இங்கே வேறு பெயர்.

எட்டாம் நாள் விடியலில் வானம் திறந்தது,
பாதிதான்.
ஜித்தா, பிறகு ஏதென்ஸ்,
அங்கிருந்து அவர்கள் பாடு.
வேனில் ஏறுமுன் ஷீலா
கண்ணாடி போட்டு ரசீதை வாசித்தாள்.
"குறைவாக இருக்கிறதே?"
"ஆமாம் மேடம்."
"உன் தலையில் விழாதே?"
விழாது என்றேன்.
எனக்கெப்படித் தெரியும்.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து
ஒரு மின்னஞ்சல்:
தங்கள் சித்தப்பாவின்
பாஸ்போர்ட் நகல் ஒன்று அனுப்பவும்.

கோப்பில் இருக்கிறது.
சிங்கம் ஒரு பக்கம்,
ஒற்றைக்கொம்புக் குதிரை ஒரு பக்கம்.
இன்னும் அனுப்பவில்லை.
எட்டு இரவு மீதி காட்டுகிறது.