நான்கு குக்கர்கள்

செனட்டிடம் கேட்டது தொள்ளாயிரம் டாலர்.
வந்தது நானூற்றுப் பத்து.
மீதி ஆசியாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்
என்பதுபோல் கடிதத்தின் கீழே
ஒரு சிரிப்பு முகம்.

பொருளாளர் நான்.
முதல் கூட்டத்தில் கை தூக்கி
'உஸ்பெகிஸ்தான் சேர்த்தியா?' என்று கேட்டதற்கு
கணக்கு நோட்டைக் கையில் திணித்தார்கள்.
சேர்த்திதான் என்பதற்கு
வேறு சான்று இன்றுவரை கிடையாது.

சுவரொட்டிக்கே மூன்று வாரம் சண்டை.
டிராகன் கூடாது என்றாள் பா ஹூவா.
விசிறி கூடாது. மூங்கில் மாதிரி எழுத்து கூடவே கூடாது.
தாமரை?
'யாருடைய தாமரை?' என்றான் மக்பனுவா.
கடைசியில் வெறும் சிவப்புத் தாள்,
தேதி, இடம்,
சாப்பாடு இலவசம்.

பிப்ரவரி. மின்னெசோட்டா. மைனஸ் இருபத்தாறு.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
கூடத்துத் தரையில் குட்டிக் குட்டி ஏரிகளாக.

சோறு என்று வந்தபோதுதான்
சங்கம் நான்காக உடைந்தது.
சோஸுகேவுக்கு ஒட்ட வேண்டும், குழையக் கூடாது.
மக்பனுவாவுக்குப் பூண்டு வேண்டும், இன்னும் பூண்டு வேண்டும்.
பா ஹூவாவின் ஊதா அரிசியைக்
கையில் உருட்டித்தான் தின்ன வேண்டும்.
கோல்நாஸ் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுவாள்,
அந்தக் காந்தலுக்குத்தான் ஷிராஸில் அவள் வீட்டில் அடிதடி.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
நாலு பானைக்கு?

என் புலாவுக்குக் கொப்பரை வேண்டும்,
விறகு வேண்டும்,
தீயணைப்பு அலுவலர் கையெழுத்து வேண்டும்.
கேரட் நறுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

ஐந்து நாற்பதுக்கு
நான்கு குக்கரும் ஒரே சுவரில்.
ஐந்து நாற்பத்தொன்றுக்கு
இருட்டு.

பராமரிப்புப் பிரிவு வெர்லின் வந்தார்,
இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க.
டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் போனது.
'நாலும் ஒரே சாமான்தானே?' என்றார்.

'இல்லை!'

இருட்டில் யார் யார் குரலென்று தெரியவில்லை.
ஒருமனதாக நாங்கள் நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது.
கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட்டேன்.

'பழைய கட்டடம்.
ஃப்யூஸுக்கு டவுனுக்குப் போகணும். ஒரு மணி நேரம் ஆகும்.'

வெளியே அறுபது பேர்,
இலவசம் என்ற சொல்லை நம்பி வந்தவர்கள்.
அப்போதுதான் அன்னிகா ஸோல்பெர்க்
மேசைக்கடியிலிருந்து கம்பளி சுற்றிய ஒரு பாத்திரத்தை இழுத்தாள்.
தேகுவில் பிறந்தவள்,
ஏழு மாதத்தில் பெமிட்ஜிக்கு வந்து சேர்ந்தவள்.
கூட்டங்களில் கடைசி நாற்காலி.
'இது இதில் சேராது,' என்றாள்.
'கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்வது.
நார்வேக்காரர்களுடையது.'

பாலில் வெந்த அரிசி.
நடுவே உருகும் வெண்ணெய்க் குளம்,
மேலே பட்டைத் தூள்.
கூடத்தில் சூடாக இருந்த ஒரே சோறு அதுதான்.

செல்போன் வெளிச்சத்தில் ஆளுக்கொரு கரண்டி.
'இனிப்பா?' என்று முகம் சுளித்த சோஸுகே
இரண்டாவது முறை வரிசையில் நின்றதைப் பார்த்தேன்.
கோல்நாஸ் சட்டென்று நிறுத்தினாள்.
பல்லில் ஏதோ.
'கல்,' என்றாள் பா ஹூவா உடனே.
'கல்தான்,' என்றான் மக்பனுவா. அதில் மட்டும்
யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கல் இல்லை, பாதாம்.
பானைக்கு ஒன்றே ஒன்று ஒளித்து வைப்பார்களாம்.
கிடைத்தவருக்குப் பரிசு உண்டு.
'என்ன பரிசு?' என்றாள் கோல்நாஸ்.
அதை அன்னிகா யோசித்திருக்கவில்லை.

ஏழு மணிக்கு விளக்கு வந்தது.
பால், வெண்ணெய், பட்டை எதற்கும்
அவள் ரசீது தரவில்லை. மூன்று முறை கேட்டாயிற்று.
ஃப்யூஸுக்குப் பதினெட்டு டாலர்
கல்லூரி கேட்கிறது.
நானும் தரவில்லை.